பழைய கேபிளுக்கு ஒட்டுப்போடுவதா, கழற்றிவிட்டு ஃபைபர் இழுப்பதா

2023இல் லோட்ஷெடிங், அதாவது முறைவைத்துச் செய்யும் மின்வெட்டு, உச்சத்தில் இருந்தபோது டர்பனில் எல்லோரும் கண்ட காட்சி இது. தெரு இருட்டு. சந்திப்பில் ரோபோ (இங்கே டிராஃபிக் சிக்னலுக்கு அதுதான் பெயர்) அணைந்து கார்கள் ஒன்றை ஒன்று முறைத்துக்கொண்டு நிற்கும். மொபைல் டவரின் பாட்டரி இறங்கியதும் போனில் சிக்னலும் போய்விடும். ஆனால் ஃபைபர் இழுத்த வீட்டில், ரூட்டருக்கும் ஃபைபர் வந்து முடியும் சுவரிலுள்ள ஓ.என்.டி. பெட்டிக்கும் ஒரு சின்ன டி.சி. யு.பி.எஸ். மாட்டியிருந்தால் பிள்ளைகள் பாட்டுக்கு யூடியூப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அந்த யு.பி.எஸ்.ஸுக்குள் இருப்பது சாதாரணமாக 8,800 மில்லிஆம்ப்-அவர் லித்தியம் செல். 3.7 வோல்ட்டால் பெருக்கினால் 32 வாட்-அவர் சொச்சம். மாற்றத்தில் வீணாவது போக 27 கையில் நிற்கும். ஓ.என்.டி.யும் ரூட்டரும் சேர்ந்து இழுப்பது 13, 14 வாட். ஆக இரண்டு மணி நேரம் ஓடும். அப்போது இங்கே ஒரு தடவை கரண்ட் நிறுத்தியதும் ஏறக்குறைய இரண்டு மணி நேரம்தான்.

இது நடப்பதற்குக் காரணம் ஃபைபரின் வேகம் இல்லை. எக்ஸ்சேஞ்சிலிருந்து வீடு வரை வழியில் கரண்ட் கேட்கும் பெட்டி ஒன்றுகூடக் கிடையாது. ஒளியைப் பல வீட்டுக்குப் பிரித்துவிட நடுவில் இருக்கும் ஸ்ப்ளிட்டர் வெறும் கண்ணாடி. அதற்கு பாட்டரியும் வேண்டாம், மின்விசிறியும் வேண்டாம்.

தமிழ்நாட்டில் கேபிள் தொழிலில் இருக்கும் சொந்தக்காரர்கள், இங்கே நெட்வொர்க் வேலையில் இருக்கும் நம்மவர்களிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "இருக்கிற கோஆக்ஸ் லைனை அப்கிரேட் பண்ணி ஓட்டலாமா, இல்லை மொத்தமாகக் கழற்றிவிட்டு ஃபைபருக்கு மாறிவிடலாமா?" கோஆக்ஸ் என்பது நடுவில் உலோகக் கம்பி ஓடும் பழைய கேபிள் டிவி வயர். இந்தப் பதிவு அந்தக் கேள்விக்குத்தான். தென்னாப்பிரிக்காவில் உட்கார்ந்துகொண்டு கேபிளைப் பற்றிப் பேசுவது வேடிக்கையாக இருக்கலாம். இந்த நாட்டில் டெலிவிஷனே 1976 ஜனவரி 5ஆம் தேதிதான் வந்தது. தெருத்தெருவாகக் கேபிள் டிவி இழுக்கும் காலம் இங்கே வராமலே போய்விட்டது. 1995இல் டிஎஸ்டிவி என்ற செயற்கைக்கோள் டிவி வந்ததும் நேராகக் கூரைமேல் டிஷ் ஏறியது. அதனால் காப்பாற்ற வேண்டிய பழைய கோஆக்ஸ் என்று தெருவில் எதுவும் இல்லை. ஆனால் கரண்ட் போனால் எது நிற்கும், எது விழும் என்பதில் இந்த ஊருக்குப் பாடம் கொஞ்சம் அதிகம்.

ஒரு நோடை, அதாவது ஃபைபர் முடிந்து கோஆக்ஸ் தொடங்கும் தெருப்பெட்டியை, எடுத்துக்கொள்வோம். ஆபரேட்டரின் மைய நிலையமான ஹெட்எண்டிலிருந்து ஃபைபர் வந்து நோடில் இறங்குகிறது. அங்கிருந்து ஹார்ட்லைன் எனும் அரை அங்குல அலுமினிய உறைக் கேபிள், வழியெங்கும் சிக்னலைப் பெருக்கும் ஆம்ப்ளிஃபையர் (சுருக்கமாக ஆம்ப்), வீடுகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் டேப், கடைசியில் டேப்பிலிருந்து வீட்டுக்கு டிராப் எனும் மெல்லிய ஆர்ஜி-6 கேபிள். 500 வீடு, நோடுக்குப் பின்னால் வரிசையாக ஐந்து ஆம்ப் வரை போகும் பழைய அமைப்பு. கிளைகளையும் சேர்த்து 25 ஆம்ப் என்று வையுங்கள். ஆம்புக்கு 40 வாட் என்றால் 1,000. நோடுக்கு 150. இவற்றுக்கெல்லாம் 90 வோல்ட் ஏ.சி.யை அதே கோஆக்ஸ் வழியாக அனுப்பும் பவர் சப்ளை 85 சதவீதத் திறனில் ஓடினால், மீட்டரில் விழுவது ஏறக்குறைய 1,350 வாட். வருடத்துக்கு 11,800 யூனிட். யூனிட் 2.50 ரேண்ட் என்று போட்டாலும் ஒரு நோடுக்கு 29,500 ரேண்ட். இது கேபிளில் ஒரு சந்தாதாரர்கூட இல்லாவிட்டாலும் ஓடும் செலவு.

அதே 500 வீட்டுக்கு ஃபைபரில் என்ன தேவை? ஹெட்எண்டில் ஒளியை அனுப்பும் ஓ.எல்.டி. பெட்டி, 16 போர்ட் உள்ளது ஒன்று, போர்ட்டுக்கு 32 வீடு என்று 512 வரை தாங்கும். நூற்றுச் சொச்சம் வாட். அதுவும் ஹெட்எண்டில், ஏ.சி. அறையில், ஜெனரேட்டருக்குப் பக்கத்தில் இருக்கும்.

கரண்ட் பில்லைவிடப் பெரிய தலைவலி பாட்டரி. தெருவில் இருக்கும் பவர் சப்ளைக்குள் 12 வோல்ட் 100 ஆம்ப்-அவர் பாட்டரி மூன்று தொடராக இருக்கும். 36 வோல்ட். 1,350 வாட்டுக்கு 37 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். அந்த வேகத்தில் இழுத்தால் 100 ஆம்ப்-அவர் பாட்டரி 75, 80தான் கொடுக்கும். புதிதாக இருக்கும்போது இரண்டு மணி நேரம். சரி, சமாளித்தாயிற்று என்று தோன்றும். ஆனால் திரும்பச் சார்ஜ் ஏற வேண்டுமே! உள்ளே இருக்கும் சார்ஜர் 10 ஆம்பியர் அளவுதான். 75 ஆம்ப்-அவரைத் திருப்பி ஏற்ற எட்டு மணி நேரம். கடைசிப் பகுதி மெதுவாக ஏறும் என்பதால் பத்துப் பன்னிரண்டு ஆகிவிடும். லோட்ஷெடிங் ஆறாம் கட்டத்தில் ஒரே நாளில் மூன்று தடவை கரண்ட் போனது. இடையில் கிடைத்தது ஆறு மணி நேரம். பாட்டரி எப்போதும் பாதி வயிற்றோடு நிற்கும், தகட்டில் சல்பேட் படியும். நாலைந்து வருடம் வர வேண்டிய பாட்டரி ஒரே வருடத்தில் படுத்துவிடும். காசு மிச்சம் பிடிக்க மூன்றில் ஒன்றை மட்டும் மாற்றினால் நிலைமை மோசமாகும்: பழைய இரண்டும் முன்னால் இறங்கி, புதியதையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். மாற்றினால் மூன்றையும் ஒரே தேதியில் மாற்ற வேண்டும். பெட்டிக் கதவின் உட்புறம் தேதியை மார்க்கரால் எழுதி வைக்க வேண்டும்.

கரண்ட் அடிக்கடி போகும் ஊரில் இந்த ஒரு கணக்கு போதும், முடிவு கிட்டத்தட்ட வந்துவிடும். கரண்ட் போகாத ஊரில்தான் உண்மையான விவாதமே தொடங்குகிறது.

அங்கே அப்கிரேட் பண்ணலாம் என்பவர்கள் பக்கம் நியாயம் நிறையவே இருக்கிறது. கோஆக்ஸ் செத்துப்போன சரக்கு இல்லை. கேபிளில் இன்டர்நெட் அனுப்பும் விதிமுறையான டாக்ஸிஸின் 3.1 பதிப்பு வந்த 2013க்குப் பிறகு 1.2 கிகாஹெர்ட்ஸ் வரை 4096-குவாம் (சிக்னலுக்குள் அதிக டேட்டாவை அடைக்கும் முறை) ஓட்டலாம். 4.0இல் 1.8 கிகாஹெர்ட்ஸ் வரை நீட்டலாம், அல்லது ஒரே அலைவரிசையில் இரு திசையும் ஓட்டலாம். கீழே 10 கிகாபிட், மேலே 6 கிகாபிட் என்பது அந்த விதிமுறையின் உச்சம். அமெரிக்காவின் கேபிள் நிறுவனங்களில் காம்காஸ்ட் இருதிசை முறையை 2023 அக்டோபரில் வாடிக்கையாளர்களுக்குத் திறந்தது. சார்ட்டர் 2022 டிசம்பரில் போட்ட திட்டம் 5.5 பில்லியன் டாலர். கேபிள் கடந்துபோகும் வீடு ஒன்றுக்குச் சுமார் 100 டாலர். சொன்ன தேதியில் முடியவில்லை, தள்ளிப் போனது. ஆனாலும் வீட்டுக்கு 100 டாலர் என்பது புதிதாகப் பள்ளம் தோண்டும் செலவின் பக்கத்திலேயே வராது.

இதற்கு நேர் எதிர் முடிவை எடுத்தது பிரிட்டனின் கேபிள் நிறுவனம் வர்ஜின் மீடியா ஓ2. தன் முழு நெட்வொர்க்கையும் 2028க்குள் ஃபைபராக்குவோம் என்று 2021 ஜூலையில் அறிவித்தது. அவர்கள் சொன்ன செலவும் வீட்டுக்குச் சுமார் 100 பவுண்டுதான், வீட்டுக்குள் இணைக்கும் செலவு தனி. அமெரிக்காவில் ஒட்டுப்போட ஆகும் காசில் இவர்களுக்கு மட்டும் எப்படிப் புதுத்துணியே கிடைத்தது? தெருவுக்கு அடியில் ஏற்கெனவே குழாய் இருக்கிறது. கோஆக்ஸ் போன குழாயிலேயே ஃபைபரைத் தள்ளிவிடலாம். ஆகவே கரண்டுக்கு அடுத்த கேள்வி குழாய். மண்ணில் நேரடியாகப் புதைத்த கோஆக்ஸா, குழாய்க்குள் போனதா, கம்பத்தில் தொங்குவதா? முதல் வகைக்கு ஃபைபர் விலை எட்டாது. மற்ற இரண்டுக்கும் எட்டும்.

சரி, அப்கிரேட்தான் என்று முடிவெடுத்தால் எங்கே தொடங்குவது? பெரும்பாலோர் புது ஆம்ப் வாங்குவதில் தொடங்குகிறார்கள். தவறு. டிராப்பில் தொடங்க வேண்டும்.

கோஆக்ஸின் பலவீனம் அப்லோட் பக்கம். பழைய நெட்வொர்க்கில் மேல்நோக்கிப் போக 5 முதல் 42 மெகாஹெர்ட்ஸ்தான், ஐரோப்பிய முறையில் 65 வரை. 42இல் 6.4 மெகாஹெர்ட்ஸ் சேனல் நான்கு வைத்தால் சேனலுக்கு 27 மெகாபிட், மொத்தம் 108. இதை நோடில் உள்ள எல்லா வீடும் பங்கு போட வேண்டும். காவடி நாளில் கோயிலிலிருந்து ஒரு நேரலை போனாலே 6 முதல் 8 மெகாபிட் தொடர்ந்து மேலே போய்க்கொண்டிருக்கும். இதில் இன்னொரு சங்கடம்: 500 வீட்டின் இரைச்சலும் ஒரே புனலில் வந்து நோடில் கொட்டும். ஒரு வீட்டில் கேபிள் முனையில் திருகும் எஃப் கனெக்டர் லூஸாக இருந்தால் 499 வீட்டுக்கும் அப்லோட் தடுமாறும். அந்த இரைச்சலின் பெரும்பகுதி டேப்புக்கு இந்தப் பக்கம், அதாவது டிராப்பிலும் வீட்டுக்குள்ளும்தான் உருவாகிறது. அதனால் முதல் வேலை டேப்பில் ஒவ்வொரு எஃப் கனெக்டரையும் 7/16 அங்குல டார்க் ஸ்பானரால் 30 அங்குல-பவுண்டு, அதாவது 3.4 நியூட்டன்-மீட்டருக்கு இறுக்குவது. விரலால் இறுக்கியது வெயில் மழை இரண்டு மாதத்தில் லூஸாகிவிடும். ஆளில்லாத போர்ட்டுக்கெல்லாம் அதை அடைக்கும் 75 ஓம் டெர்மினேட்டர் மூடி. டிவி மட்டும் பார்க்கும் வீட்டு டிராப்பில், மேல்நோக்கிப் போவதை அடைக்கும் ஹைபாஸ் ஃபில்டர் ஒன்று. சின்னச் சாமான்தான், ஆனால் பாதி இரைச்சலை அது விழுங்கிவிடும்.

அடுத்தது துரு. கடற்கரை ஊரில் இது தனி வியாதி. டர்பனின் பிளஃப் பக்கம் கூரைமேல் டிஷ் கனெக்டரைப் பார்த்தவர்களுக்கு விளக்கவே வேண்டாம், உப்புக் காற்று பட்ட உலோகம் பச்சைப் பொடியாகப் பூத்திருக்கும். ஹார்ட்லைனின் வெளி உறை அலுமினியம், கனெக்டரில் வேறு உலோகம். ஈரம் சேர்ந்தால் இரண்டுக்கும் நடுவில் உருவாகும் ஆக்சைடு படலம் ஒரு டயோடு மாதிரி வேலை செய்யும். கீழ்நோக்கி வரும் சேனல்கள் அதில் பட்டு ஒன்றோடொன்று கலந்து, அந்தக் கலவை மேல்நோக்கிய பகுதியில் வந்து விழும். அலைவரிசைகளை வரைந்து காட்டும் அனலைசரில் இதைக் கண்டுபிடிப்பது சுலபம்: 8 மெகாஹெர்ட்ஸ் சேனல் ஓடும் நெட்வொர்க்கில் 8, 16, 24, 32 என்று சீரான இடைவெளியில் மேடு மேடாகத் தெரியும். வெளியிலிருந்து வரும் இரைச்சலுக்கு அந்த ஒழுங்கு இருக்காது. தேடிப் போனவர் ஆம்பின் மூடியைத் திறந்து ஸ்க்ரூவைத் தொட்ட உடனே அது மறைந்துவிடும், மூன்று நாள் கழித்துத் திரும்ப வரும். தொட்டதும் சரியாகிவிட்டது என்று மூடிவிட்டு வருவதுதான் இதில் நடக்கும் வழக்கமான தப்பு. அந்தக் கனெக்டரை வெட்டிப் புதிதாகப் போட்டு, ஹீட்ஷ்ரிங்க் ஏற்றிவிட்டுத்தான் இறங்க வேண்டும்.

அலுமினியம் சுருங்கி விரிவது இன்னொன்று. 30 மீட்டர் ஹார்ட்லைன் 30 டிகிரி வித்தியாசத்தில் 2 சென்டிமீட்டர் நீளம் மாறும். கம்பத்தருகே வளைவு விடாமல் விறைப்பாக இழுத்திருந்தால், குளிர்ந்த இரவில் நடுக்கம்பி கனெக்டரிலிருந்து உருவிக்கொண்டு வந்துவிடும். காலையில் லைன் இல்லை, மத்தியானம் வெயில் ஏறியதும் தானாக வந்துவிட்டது என்று புகார் வந்தால் முதலில் பார்க்க வேண்டிய இடம் இது.

இதெல்லாம் முடிந்த பிறகுதான் ஒரு நோடின் வீடுகளை இரண்டு நோடாகப் பிரிப்பது, பிறகு ஸ்ப்ளிட்டை, அதாவது அப்லோடும் டவுன்லோடும் பிரியும் எல்லையை, மாற்றுவது. 85 மெகாஹெர்ட்ஸ் வரை அப்லோட் விட்டால் மிட்-ஸ்ப்ளிட். 204 வரை விட்டால் ஹை-ஸ்ப்ளிட், அப்லோட் ஒன்றரை கிகாபிட்டைத் தொடும். கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் 204 வரை போனால் 88 முதல் 108 வரையுள்ள எஃப்.எம். ரேடியோ முழுக்க உங்கள் அப்லோடுக்குள் விழுகிறது. உறை கிழிந்த ஒரு டிராப் நல்ல ஆன்டெனாவாக மாறி, ஊர் எஃப்.எம். ஸ்டேஷனை அப்படியே நோடுக்குக் கொண்டுபோகும். பழைய மோடமும் செட்டாப் பாக்ஸும் 54 மெகாஹெர்ட்ஸிலிருந்தே கேட்கும்படி செய்யப்பட்டவை. அதே டேப்பில் பக்கத்து வீட்டுப் புது மோடம் 80இல் உரக்கக் கத்தினால், இவற்றின் ட்யூனர் திணறி டிவியில் படம் கட்டம் கட்டமாக உடையும். புகார் கொடுப்பவர் வீட்டில் எந்தக் கோளாறும் இருக்காது; பக்கத்து வீட்டுக்கு நேற்றுத்தான் புது மோடம் போயிருக்கும்.

அதிகம் பேர் மறக்கும் செலவு டேப். ஆம்பின் கூட்டை அப்படியே விட்டு உள்ளே மாட்யூலை மட்டும் மாற்றலாம் என்பது உண்மை. ஆனால் 750 அல்லது 860 மெகாஹெர்ட்ஸ் டேப் அதற்கு மேல் எதையும் விடாது. அதோடு கேபிளின் இழப்பு அதிர்வெண்ணின் வர்க்கமூலத்தோடு ஏறும். அரை அங்குல ஹார்ட்லைன் 300 மீட்டர் 860இல் 23 டெசிபல் (சிக்னல் இழப்பை அளக்கும் அலகு) தின்றால், 1,218இல் 27 சொச்சம், 1,794இல் 33. பழைய ஆம்ப் இருந்த இடத்திலேயே புது ஆம்பும் உட்கார வேண்டும் என்றால் அந்தப் பத்து டெசிபலையும் அதுவே ஈடுகட்ட வேண்டும். 4096-குவாம் ஓட சிக்னலுக்கும் இரைச்சலுக்கும் நடுவில் 41 டெசிபல் வித்தியாசம் கேட்கும். வரிசையில் ஐந்தாவது ஆம்புக்கு அப்பால் இருக்கும் வீட்டில் அது கிடைக்காது. 1024க்கு இறங்கி ஓடும். விளம்பரத்தில் சொன்ன வேகத்துக்கும் அந்த வீட்டு வேகத்துக்கும் உள்ள இடைவெளி இங்கேதான் பிறக்கிறது.

என் கணிப்பு: நோடுக்குப் பின்னால் இரண்டு ஆம்புக்கு மேல் இல்லாமல், மண்ணில் நேராகப் புதைந்த கேபிளாகவும், கரண்ட் நிலையாகவும் இருந்தால் மிட்-ஸ்ப்ளிட் வரை போய் நில்லுங்கள். நாலைந்து வருடம் நிம்மதியாக ஓடும். 1.8 கிகாஹெர்ட்ஸ் வரை இழுப்பது பெரிய நிறுவனங்களின் விளையாட்டு. ஐந்தாயிரம், பத்தாயிரம் இணைப்பு வைத்திருப்பவருக்கு அது தேவையே இல்லை. அந்தக் காசைக் கம்பத்தில் ஃபைபராகத் தொங்கவிடலாம்.

திருட்டையும் கணக்கில் சேர்க்க வேண்டும். தென்னாப்பிரிக்காவில் செம்புத் திருட்டு எந்த அளவுக்குப் போனது என்றால், 2022 நவம்பர் இறுதியில் பழைய உலோக ஏற்றுமதிக்கே அரசு தடை போட்டது. டிராப் கேபிளின் நடுக்கம்பி செம்பு முலாம் பூசிய இரும்பு, காயலான் கடையில் போகாது. ஹார்ட்லைனின் நடுக்கம்பிகூட செம்பு பூசிய அலுமினியம்தான். வெட்டுகிறவனுக்கு அது வெட்டிய பிறகுதான் தெரியும். ஃபைபரையும் செம்பு என்று நினைத்து வெட்டுகிறார்கள். ஆனால் பவர் சப்ளைப் பெட்டியிலிருக்கும் பாட்டரிக்கு எப்போதும் கிராக்கி உண்டு. தெருவில் திருட ஒன்றுமில்லாத நெட்வொர்க் என்பது ஃபைபருக்கு யாரும் விளம்பரத்தில் எழுதாத லாபம்.

ஃபைபர் என்றாலே தொல்லை தீர்ந்தது என்று நினைக்க வேண்டாம். தொல்லை வேறு மாதிரி. முதலில் ஒளிக் கணக்கு. பரவலாக ஓடும் ஃபைபர் முறையான ஜிபானில் பி பிளஸ் வகை 28 டெசிபல் இழப்பு வரை தாங்கும். 10 கிலோமீட்டர் ஃபைபர் 1,310 நானோமீட்டரில் 3.5, 1:32 ஸ்ப்ளிட்டர் 17, நாலு கனெக்டர் 1.6, எட்டு ஸ்ப்ளைஸ் (இழை ஒட்டு) 0.8. மொத்தம் 22.9, கையில் மிச்சம் 5. ஓ.எல்.டி. +3 டி.பி.எம். (ஒளியின் பலத்தை அளக்கும் அலகு) அனுப்பினால் வீட்டில் மைனஸ் 20 வரும். மைனஸ் 25க்குக் கீழே போனால் பெட்டி பச்சை விளக்கு காட்டினாலும் ஆளை அனுப்பிப் பாருங்கள். மைனஸ் 27, 28இல் அறுந்துவிடும். பச்சை எஸ்.சி. ஏ.பி.சி. கனெக்டர் 8 டிகிரி சாய்வாகத் தேய்த்தது. அதைச் சாய்வில்லாத நீலக் கனெக்டரில் குத்தினால் நாலு டெசிபல் வரை போவதோடு முனையும் கெடும். குத்தும் முன் ஒவ்வொரு தடவையும் துடைக்க வேண்டும், புதுப் பாக்கெட்டிலிருந்து எடுத்ததாக இருந்தாலும். சட்டை நுனியால் துடைப்பவரை ஏணியிலிருந்து இறக்கிவிடுங்கள்.

கெட்டுப்போன ஒரு ஓ.என்.டி. தன் முறைக்குக் காத்திருக்காமல் இடைவிடாமல் ஒளியை அனுப்பத் தொடங்கினால், அந்த போர்ட்டின் 32 வீடும் ஒன்றாக விழும். ஃபைபர் அறுந்தது என்று நினைத்து அறுந்த இடம் காட்டும் ஓ.டி.டி.ஆர். கருவியோடு அலையாமல், ஸ்ப்ளிட்டரில் ஒவ்வொரு வீட்டு இழையாகக் கழற்றிப் பார்த்தால் குற்றவாளி அகப்படும்.

டிவி சந்தாதாரர்தான் அதிகம், எல்லா வீட்டிலும் பழைய செட்டாப் பாக்ஸ் என்றால் அதற்கும் வழி உண்டு. 1,550 நானோமீட்டரில் டிவி சிக்னலை அப்படியே ஏற்றி, ஒளியைப் பெருக்கும் இ.டி.எஃப்.ஏ. கருவி வைத்து, அதே இழையில் அனுப்பலாம். போர்ட்டுக்கு 17 டி.பி.எம். கொடுத்து வழியில் 20 போனால் வீட்டில் மைனஸ் 3; ஆர்.எஃப். வெளியீடு உள்ள ஓ.என்.டி.க்கு அது தாராளம். செட்டாப் பாக்ஸ் செலவைத் தள்ளிப்போட இதுவே நல்ல உபாயம். பின்னால் எக்ஸ்ஜிஎஸ்-பான் (10 கிகாபிட் ஃபைபர் முறை) சேர்க்கும் எண்ணம் இருந்தால் ஒன்றை மட்டும் கவனியுங்கள்: அது கீழே வருவது 1,577இல், 1,550க்கு ரொம்பப் பக்கம். அதை வடிகட்டும் ஃபில்டர் உள்ள ஓ.என்.டி.யை இப்போதே வாங்குங்கள்.

டிசைனில் நம்மவர் பகுதிகளுக்கே உரிய ஒரு பொறி இருக்கிறது. டர்பனின் சாட்ஸ்வர்த் மாதிரி இடத்தில் மனைக்கு ஒரு வீடு என்று வரைபடம் சொல்லும். நேரில் போனால் பின்னால் அவுட்பில்டிங், அதில் ஒரு வாடகைக் குடும்பம். சில மனையில் இரண்டு. மனையை எண்ணி 1:8 ஸ்ப்ளிட்டர் வைத்தவர் எட்டாவது மனைக்கு முன்பே போர்ட் இல்லாமல் நிற்பார். மின்மீட்டரையும் கூரையில் இருக்கும் டிஷ்ஷையும் எண்ணுவது மனையை எண்ணுவதைவிட உண்மைக்குப் பக்கம். அதற்குமேல் கால்பங்கு போர்ட் சும்மா விட்டு வையுங்கள். குரங்கு வரும் தெருவில் டிராப்பை மரக்கிளைக்குக் கை எட்டாத தூரத்தில் கொண்டுபோக வேண்டும் என்பது டர்பனில் தனியாகச் சொல்லத் தேவையில்லை.

காம்ப்ளெக்ஸ், ஃபிளாட் நிர்வாகம் பார்க்கும் டிரஸ்டிகளுக்கும் இதே கேள்வி சின்ன அளவில் வருகிறது. பொது டிஷ், அதன் சிக்னலைப் பல வீட்டுக்குப் பிரிக்கும் மல்டிஸ்விட்ச், அங்கிருந்து ஒவ்வொரு வீட்டுக்கும் ஆர்ஜி-6. அந்தக் கோஆக்ஸிலேயே இன்டர்நெட்டையும் அனுப்பலாம் என்று சொல்லி மோக்கா பெட்டி விற்க வருவார்கள். மோக்கா 1,125 முதல் 1,675 மெகாஹெர்ட்ஸில் ஓடும். டிஷ்ஷிலிருந்து வரும் சிக்னல் 950 முதல் 2,150. இரண்டும் ஒரே இடத்தில் மோதும், டிவி போய்விடும். இதே வேலையைச் செய்யும் ஜி.எச்.என். முறை 200 மெகாஹெர்ட்ஸுக்குக் கீழே ஓடுவதால் மோதாது. ஆனால் மல்டிஸ்விட்ச் அதைத் திரும்பி விடாது. மல்டிஸ்விட்ச்சுக்கு அப்புறம், இரண்டு சிக்னலையும் ஒரே கேபிளில் சேர்க்கும் டிப்ளெக்ஸர் வீட்டுக்கு ஒன்று வைத்துத்தான் ஏற்ற வேண்டும். சுவருக்குள் குழாய் அடைபட்டு, புது இழை போக வழியே இல்லாத பழைய கட்டடத்துக்கு மட்டும் இது சரி. குழாய் திறந்திருந்தால் ஜி.657.ஏ2 இழையை இழுத்துவிடுங்கள், 7.5 மில்லிமீட்டர் ஆரம் வரை வளைத்தாலும் பெரிதாக இழக்காது, கதவு ஓரத்தில் திருப்பலாம்.

மாற்றுவது என்று இறங்கியபின் நோடு நோடாகப் போங்கள், ஊர் முழுக்க ஒரே நேரத்தில் வேண்டாம். நோடுக்கு மூன்று எண் எடுத்துக்கொள்ளுங்கள்: நூறு வீட்டுக்கு எத்தனை ஆம்ப், மாதத்தில் நூறு வாடிக்கையாளருக்கு எத்தனை தடவை ஆள் போனார், பவர் சப்ளையின் கரண்ட் பில்லும் பாட்டரியும் சேர்ந்து எவ்வளவு. மூன்றிலும் மேலே நிற்கும் நோடு முதலில். பழைய கோஆக்ஸை உடனே அறுக்காதீர்கள். வீடு மாறிய அன்று டேப்பில் டிராப்பை மட்டும் கழற்றி டெர்மினேட்டர் போடுங்கள். இல்லாவிட்டால் அந்த வீட்டில் தொங்கும் வெற்று கேபிள், மீதி இருப்பவர்களின் அப்லோடைக் கெடுக்கும்.

லாபம் கைக்கு வருவது நோடின் கடைசி வாடிக்கையாளர் மாறும் நாளில்தான். 500இல் 490 பேர் மூன்று மாதத்தில் மாறிவிடுவார்கள். மீதி பத்துப் பேர் போனை எடுக்க மாட்டார்கள், வீட்டைப் பூட்டிக்கொண்டு வேலைக்குப் போயிருப்பார்கள், வாடகைக்கு இருப்பவர் வீட்டுக்காரரைக் கேட்கச் சொல்வார், வீட்டுக்காரர் ஜோஹன்னஸ்பர்கில் இருப்பார். அந்தப் பத்து வீட்டுக்காக 25 ஆம்பும், நோடும், மூன்று பாட்டரியும் 1,350 வாட் குடித்துக்கொண்டு நிற்கும். அதனால் அந்தப் பத்துப் பேருக்கான செலவை முதல் நாளே பட்ஜெட்டில் எழுதுங்கள்: சனி, ஞாயிறு வேலைக்கு இரட்டைக் கூலி, இலவச இணைப்பு, தேவைப்பட்டால் இரண்டு மாதச் சந்தா தள்ளுபடி. மாதக்கணக்கில் இழுத்தால் கரண்ட் பில்லும் ஆள் அலைச்சலும் சேர்ந்து இதைத் தாண்டிவிடும். மீட்டரை நிறுத்தச் சொல்லி மின்துறைக்கு எழுதிக் கொடுக்கும் தாளை அந்த நோடின் ஃபைலில் முதல் பக்கமாக வைத்துக்கொள்ளுங்கள். பல இடங்களில் ஆம்பெல்லாம் இறங்கிய பிறகும் மீட்டர் மட்டும் மாதக் கட்டணத்தோடு தனியாக ஓடிக்கொண்டிருக்கும்.